வெள்ளிக்கிழமை கழுவாத வீடு

பந்தல்குடி சாலையில் உரக்கடை நடத்தும் கஸ்தூரி, புது வீட்டின் தரை முழுக்கத் தேக்குப் பலகை பதித்தபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கூரைக்கு அடியில் ஒரு மிஷினை மறைத்து வைத்து, எல்லா அறையின் காற்றிலிருந்தும் ஈரத்தை எடுக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

"லாரித் தண்ணிக்குக் காத்துக் கெடக்குற ஊரு. இவ காத்துல இருக்குற தண்ணியையும் புழிஞ்சு வெளிய விடப்போறாளாம்," என்றாள் ஆவுடைத்தாய். கஸ்தூரியின் கணவன் தனுஷ்கோடிக்கு அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு இருப்பவள்.

"ஐப்பசியில நம்ம கடை யூரியா மூட்டை கல்லாட்டம் கட்டிப்போகுதே மதினி, அது எங்கருந்து வந்த ஈரம்?"

"அது மூட்டை. இது வீடு."

"மரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது."

கஸ்தூரி ஆசைக்காகப் பலகை போடவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவுவது அந்தக் குடும்பத்து வழக்கம். பழைய வீட்டில் அப்படிக் கழுவிய மொசைக் தரையில்தான் அவள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். மதுரையில் பிளேட் வைத்தார்கள். விசாரிக்க வந்த பெண்கள் கிரகம் சரியில்லை என்றபோது, "கிரகமில்ல, சோப்புத் தண்ணி," என்றாள். மறுபடி நடக்கப் பழகியது அந்த ஆஸ்பத்திரியில் பலகை பதித்த ஓர் அறையில். பயமில்லாமல் காலை ஊன்ற முடிந்த முதல் தரை அது. புது வீடு கட்டினால் இந்தத் தரைதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். வீடு எழும்பியது அவள் கடை வருமானத்தில் என்பதால் யாரும் நேருக்கு நேர் தடுக்கவில்லை.

மிஷின் மாட்ட வந்தவர் இரண்டே விஷயம் சொன்னார். மழை நாளில் ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும். தரையை நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கலாம். தண்ணீர் ஊற்றவே கூடாது.

தீபாவளி தாண்டி மழை பிடித்துக்கொண்டது. பூஜை அறைக்கு முன்னால் பலகைகளின் ஓரங்கள் மேலேறி, நடுவில் பள்ளம் விழுந்தது. பார்த்தால் தெரியாது, கால் வைத்தால் தெரியும். இடுப்பில் பிளேட்டோடு, கைத்தடி ஊன்றி நடக்கிறவளுக்கு முதலில் தெரிந்தது.

"நாந்தான் சொன்னேன்ல," என்றாள் ஆவுடைத்தாய். தனுஷ்கோடி டைல்ஸ் பதிக்கும் தங்கபாண்டியைக் கூட்டிவந்து அளவெடுக்கச் சொன்னான். டைல்ஸ் மாதிரிகளை வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லிப் போனான் தங்கபாண்டி.

கஸ்தூரிக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. மழை எல்லா ஜன்னலிலும்தான் அடித்தது. ஜன்னலோரப் பலகை எதுவும் அசையாதபோது, நடுவீட்டில் பூஜை அறை வாசல் மட்டும் ஏன் ஊதியது?

அந்த வெள்ளிக்கிழமை கடையைத் திறந்து, வேலையாளை உட்காரவைத்துவிட்டு உடனே ஆட்டோ பிடித்துத் திரும்பினாள். ஆவுடைத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பூஜை அறை முன்னால் வாளியைக் கவிழ்த்துத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது.

"எப்பருந்து மதினி?"

ஆவுடைத்தாய் துடைப்பத்தைக் கீழே போடவில்லை. "பால் காய்ச்சுன வாரத்துலருந்து. நீ கடைக்குப் போனதும் ஊத்துவேன், காய வச்சுருவேன். வீடு கழுவாம வெளக்கேத்தச் சொல்றியா? எந்தம்பி குடும்பம் நல்லாருக்கணும்னுதான ஊத்துறேன்."

"அந்தக் குடும்பத்துல நானும் இருக்கேன். இந்தத் தண்ணியிலதான் மதினி என் இடுப்பு ஒடஞ்சுச்சு."

சத்தம் கேட்டு வந்த தனுஷ்கோடி இருவரையும் பார்த்தான். "டைல்ஸே போட்டுருவோம் கஸ்தூரி. அக்காவுக்கும் மனசு நோகாது, ஒனக்கும் மிஷின் பாடு இல்ல."

கஸ்தூரி சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, ஊதிய பலகைகளின் மேலேயே போட்டு உட்கார்ந்தாள். "எடுக்கணும்னா என்னைத் தூக்கி வெளிய வச்சுட்டு எடுங்க."

டைல்ஸ் மாதிரிகளோடு வந்த தங்கபாண்டி வாசலிலேயே நின்றான். "நான் சாயங்காலம் வரட்டுமாக்கா?"

"வராதப்பா. மாடிப்படிக்கு வேணும்னா நானே கூப்புடுறேன்."

அவன் போன பிறகுதான் எழுந்தாள். துணியைப் பிழிந்து, இடுப்பு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்தாள். தனுஷ்கோடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு துணியை எடுத்தான். பிறகு கஸ்தூரி மதினியைப் பின்கட்டுக்கு வரச்சொன்னாள். மிஷினின் குழாய் அங்கே ஒரு டிரம்மில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க ஊத்துனதுதான், காத்துல ஏறித் திரும்ப வந்துருக்கு. வாசலுக்கு எம்புட்டு வேணுமோ மோந்துக்கங்க. வாசப்படியைத் தாண்டி உள்ள ஒரு செம்பு விழுந்தாலும் நான் பேசமாட்டேன், வாளியத் தூக்கித் தெருவுல வீசிருவேன்."

"வாயப் பாரு," என்றாள் ஆவுடைத்தாய். அன்றைக்கு அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வாசலைக் கழுவினாள். குத்துவிளக்கையும் டிரம் தண்ணீரில்தான் விளக்கினாள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் படியும் வெள்ளைத் திட்டு அதில் விழவில்லை. மாசிக்குள் பலகைகள் மெல்லப் படிந்தன, இரண்டைத் தவிர. அந்த இரண்டையும் கஸ்தூரி மாற்றவில்லை.

பங்குனியில் பத்திரிகை வைக்க வந்த பாலவனத்தத்துச் சொந்தக்காரி அந்த மேட்டில் கால் இடறினாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீடு கழுவலையா?"

"என்னைக் கேக்காத. அவளைக் கேளு," என்று ஆவுடைத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்த வீட்டுல கழுவுறதில்ல," என்றாள் கஸ்தூரி. காபியோடு அடுக்களையிலிருந்து கூடம் முழுக்கக் கடந்து வந்தாள், கைத்தடி இல்லாமல்.