எல்லார் வீட்டிலும் வண்டி உள்ள ஊர்

இடைசெவல் மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே, கரிசல் காட்டுக்குள் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊரார் அதை நல்ல பழக்கம் என்பார்கள். வெளியாள் வந்து ஒரு வீட்டைப் பற்றி விசாரித்தால் அந்த வீட்டை உயர்த்தித்தான் பேசுவோம். தெரியாத ஆள் வந்து கேட்கிறான் என்றால் சம்பந்தம் பேசத்தான் கேட்பான் என்பது எங்கள் எண்ணம். ஒரு பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்த வாய் என்று பெயர் எடுத்துவிட்டால் அப்புறம் இங்கே குடியிருக்க முடியாது. அதனால் ஒழுகுகிற வீடு மாடி வீடாகும், நாலு ஆடு பெரிய கிடையாகும். எங்கள் தெரு ஆவுடைத்தாயும் இதில் மற்றவர்களுக்குச் சளைத்தவள் இல்லை.

அவள் புருஷன் கண்ணபிரான் ஆடு மேய்க்கிறவர். வீட்டில் இருக்கிற ஒரே டிவிஎஸ் வண்டியை விடிந்ததும் அவர் காட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். மகள் இந்துஜாவுக்குக் கோவில்பட்டியில் ரத்தப் பரிசோதனை செய்கிற லேப்பில் வேலை. வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களுக்கு முன்னால் அவள் போய்க் கதவைத் திறக்க வேண்டும். காலையில் வருகிற ஒரே டவுன் பஸ்ஸை நம்பித்தான் அந்த வேலை இருந்தது.

அப்போதுதான் அரசாங்கமும் ஒரு தனியார் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து இந்த வட்டாரத்துக்கே புதிதாகப் போக்குவரத்துத் திட்டம் போடுவதாகப் பேச்சு வந்தது. பஸ்ஸுக்கு முதல் போடுவது கம்பெனி, ரூட் கொடுப்பது அரசாங்கம். பழைய பஸ்களை எடுத்துவிட்டு மினி பஸ் விடுவார்கள். எந்த ஊருக்கு என்பதை வீடு வீடாகக் கேட்டு முடிவு செய்வார்கள். செல்வகணேஷ் என்று ஒரு பையன் கையில் டேப்லட்டோடு வந்தான். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, எத்தனை வண்டி, டவுனுக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டான். மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறதை எல்லாம் வரிசை மாறாமல் கேட்டால் ஊர் என்ன செய்யும்? சர்வே என்று அவன் சொல்லத்தான் செய்தான். அப்படிச் சொல்லிக்கொண்டும் விசாரிக்க வருவார்கள் என்று பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள் தெருவுக்கே சொல்லிவிட்டாள். அவள் மகன் வெயிலுமுத்துவுக்கும் அப்போது பெண் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடைத்தாய் அந்தப் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ரெண்டு வண்டி நிக்கி தம்பி. புள்ளைக்குத் தனியா ஒண்ணு எடுக்கப் போறோம். பஸ்ஸுக்கெல்லாம் இங்கன யாரு காத்துக் கெடக்கா?”

ஐப்பசியில் அந்த டவுன் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். மினி பஸ் வேறு ஊர்களுக்குப் போனது. இந்துஜா மெயின் ரோட்டுக்கு நடந்தாள். மழை பெய்த கரிசலில் நடந்தவர்களுக்குத்தான் அது தெரியும். ஓர் அடி வைத்தால் செருப்போடு மண்ணும் கூடவே வரும். தினமும் பிந்திப்போனாள். தை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள் வைத்துவிடுவேன் என்று லேப்காரர் சொல்லிவிட்டார்.

ஆவுடைத்தாய் திட்ட ஆபீசுக்கு அலைந்தாள். முதல் தடவை அதிகாரி மீட்டிங்கில் இருந்தார், அடுத்த தடவை லீவில் இருந்தார். கடைசியில் அகப்பட்ட சண்முகராஜ் என்ற அந்த அதிகாரி கோபப்படவே இல்லை. அவளுக்கு அதுதான் இன்னும் எரிச்சல். கம்ப்யூட்டரை அவள் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

“எல்லார் வீட்லயும் வண்டி இருக்குன்னு நீங்கதாம்மா சொல்லியிருக்கீங்க. ஆள் ஏறாத ஊருக்கு கம்பெனிக்காரன் எப்படி முதல் போடுவான்?”

வண்டி இருந்தால் அதை ஆம்பிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான், பொம்பளை எதில் போகிறாள் என்று தனியாக எவனாவது கேட்டானா என்று அவள் சண்டை போட்டாள். அப்படி ஒரு கேள்வி இதில் கிடையாது என்றார் அவர். வேண்டுமானால் இன்னொரு தடவை ஆள் அனுப்புகிறேன், அதுதான் கடைசி என்று முடித்துக்கொண்டார்.

அவள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். இந்த ஒரு தடவை உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு எங்கள் ஊரில் என்றைக்குமே பஞ்சம் இல்லை.

இந்தத் தடவை ப்ரியதர்ஷினி என்று ஒரு பெண் வந்தாள். முதல் வீட்டில் ஒரு வண்டி என்றார்கள். அடுத்த வீட்டுக்காரிக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவிய வீட்டில் ரெண்டு உண்டே என்றாள். தெரு முழுக்க இதே பாட்டு. ஆவுடைத்தாய் மட்டும், தன் வாசலுக்கு அந்தப் பெண் வந்ததும், எங்களிடம் இருப்பது ஒரே டிவிஎஸ், என் பிள்ளை நடந்துதான் போகிறாள் என்று ஒளிக்காமல் சொன்னாள்.

வெயிலுகந்தம்மாள் குறுக்கே வந்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. வயசுக்கு வந்த பிள்ளை இருக்கிற வீட்டைப் பெற்றவளே மட்டம் தட்டுகிறாளே என்ற பதைப்பில் வந்தாள்.

“அவ சும்மா சொல்லுதா தாயி. அவிய வீட்டுக்கு என்ன கொறை? ரெண்டு வண்டி நிக்கின்னு போடு.”

அந்த நேரம் பார்த்து இந்துஜா வேலை முடிந்து வந்தாள். செருப்பு கையில் இருந்தது. முழங்கால் வரைக்கும் கரிசல். தெருவே கூடி நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள். ஆவுடைத்தாய் அந்தக் காலைப் பார்த்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்துவிட்டது.

“நீங்க உள்ளதைச் சொல்ல மாட்டீங்க மைனி, நானே சொல்லுதேன். ஒங்க வீட்டு வண்டிக்குப் பின் சக்கரமே கெடையாது, அதுல கோழி முட்டை போடுது. வெயிலுமுத்து எரவல் வண்டியிலதான் சுத்துதான். எழுதிக்கோ தாயி. எல்லா வீட்டையும் சொல்லுதேன், எழுதிக்கோ.”

சொன்னாள். ஒரு வீட்டையும் விடவில்லை. ப்ரியதர்ஷினி எழுதிக்கொண்டே போனாள். ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெயிலுமுத்துவுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் அந்த மாதமே நின்றுபோனது. வண்டி சமாச்சாரம் பெண் வீட்டாருக்கு எட்டியதால்தானா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கெடுத்தது ஆவுடைத்தாயின் வாய்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

தை மாதம் மினி பஸ் வந்தது. இந்துஜாவின் வேலையும் தப்பியது. முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் இடம் பிடிக்கிறவள் வெயிலுகந்தம்மாள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வருவதும் அங்கேதான். எங்கள் ஊர்ப் பொம்பளைகள் கோவில்பட்டி வரைக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்களே தவிர, ஆவுடைத்தாய் பக்கத்திலோ அவள் மகள் பக்கத்திலோ ஒருத்தி உட்கார மாட்டாள்.

போன மாதம் கழுகுமலையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர், நிஜமாகவே இந்துஜாவைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். பக்கத்து வீடு என்று வெயிலுகந்தம்மாளிடம் கேட்டார்கள். அவள் குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

“அவியளப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள்.

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள், அதற்கடுத்த வீட்டிலும். ஆவுடைத்தாய் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் அவள் வீட்டுப் படியேறாமலே, அடுத்த நடை மினி பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனார்கள்.