மாட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஆள்

மாமி இறந்த செய்தி பிரெஞ்சில் வந்தது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் மாமிக்கு வேலை. அங்கிருந்து ஒரு பெண் அழைத்தாள். அப்பாவுக்குப் பிரெஞ்சு வராது. போனை என்னிடம் தந்தார். வேலையில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த மாமி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துபோனார். "அப்பா, உங்கடை தங்கச்சி..." என்று தொடங்கினேன். மிச்சத்தை அவர் என் முகத்தில் கண்டுகொண்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தரட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். அந்தப் புத்தகத்துக்குப் பெரியப்பா எழுதிய முதல் வரி: "அன்பும் அடக்கமும் நிறைந்தவர்." மாமியைத் தெரிந்த உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வருவது கோபம். எல்லோரும் படுத்த பிறகு இதை எழுதுகிறேன்.

மாமி சூரியன் மறையும் நேரத்தில் மாடுகளைப் படம் எடுத்தார். லவாலைத் தாண்டி ஒரு பண்ணை. சொந்தக்காரி ஒரு பிரெஞ்சுக்காரி. ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவுகளில் எடுத்துக் கணினியில் ஒன்றாகச் சேர்ப்பார். எச்.டி.ஆர். என்று அதற்குப் பெயர். "கமரா வானத்தைப் பாத்தா மாடு கரிக்கட்டை. மாட்டைப் பாத்தா வானம் சுண்ணாம்பு. அதுதான் மூண்டு தரம் எடுக்கிறது" என்பார். மூன்றும் எடுத்து முடியும்வரை மாடு அசையக் கூடாது. அசைந்தால் படத்தில் இரண்டு தலை முளைக்கும். "எடியே, நில்லடி. உனக்கென்ன பஸ்ஸே வருகுது?" என்று மாட்டிடம் தமிழில் கெஞ்சுவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமைகளில் நானும் போனேன். சிநேகிதி வீட்டில் படிப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். மாமி கலியாணம் வேண்டாமென்று லாசாலில் தனியாக வீடு எடுத்த நாளிலிருந்து அப்பா அவரோடு கதைக்கவில்லை. என்னையும் போகக் கூடாது என்றார். "கொப்பர் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டன்" என்றார் மாமி. "ஆனா அவர் என்னட்டைக் கேக்கவே மாட்டார்."

ஒரு நாள் நல்ல குளிர். மாமியின் பெரிய ஜாக்கெட்டையும் தொப்பியையும் போட்டிருந்தேன். முதல் படம் எடுத்ததும் ஒரு கன்று குறுக்கே வந்தது. நான் ஓடிப்போய் அதைத் துரத்தினேன். இரண்டாவது படத்தில் மட்டும் நான் அகப்பட்டேன். மூன்றையும் சேர்த்தபோது, மாட்டுக்குப் பக்கத்தில் பாதி கரைந்த ஓர் உருவம் நின்றது. மாமி விழுந்து விழுந்து சிரித்தார். "பேயெண்டாலும் வடிவான பேய். இருக்கட்டும்."

போன ஞாயிற்றுக்கிழமை, கல்வெட்டுக்கு மாமியின் முகப்படம் தேடி அந்தக் கணினியைத் திறந்தவர் பெரியப்பா.

"இஞ்சை பார், ஒரு ஆம்பிளை நிக்கிறான். அழிக்கப் பாத்திருக்கிறாள், முழுசா அழியேல்லை."

"சனிக்கிழமை சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போறவவாம்" என்றார் அம்மா. "சும்மாவே போறது?"

"அதுதான் கலியாணம் வேண்டாமெண்டவள்" என்றார் பெரியப்பா.

அப்பா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "அந்தரட்டி முடிய எல்லாத்தையும் அழிச்சுவிடுங்கோ அண்ணை. செத்தவளின்ரை மானமாவது மிஞ்சட்டும்" என்றார்.

நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். அது நான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. அப்பா அடிக்கிறவர் அல்லர், கதைப்பதை நிறுத்திவிடுவார். எனக்கு அது பயம். இறந்துபோன ஒருவருக்குக் கள்ளக் காதலனைக் கட்டிவைத்த மூன்று பெரியவர்கள் மேல் எனக்கு ஆத்திரம். தேநீரை ஊற்றிக் கொடுத்த என் மேல் அதைவிட ஆத்திரம்.

மாமியுடையது என்று என்னிடம் ஒரு சீடி இருக்கிறது. அந்த மூன்று படங்களும் சேர்க்கப்படாமல் தனித்தனியாக அதில் உள்ளன. இரண்டாவதில் என் முகம் தெளிவாகத் தெரிகிறது. கன்றைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தையும் இதையும் கல்வெட்டில் போடச் சொல்லிக் காலையில் அப்பாவிடம் கொடுப்பேன். கணினியை அழிக்க வேண்டாம். அதில் மாடுகள் இருக்கின்றன, செம்மறிகள் இருக்கின்றன. ஆண் வேண்டுமென்றால் ஒரு கிடாய் இருக்கிறது.

அப்பா என்னோடும் கதைக்காமல் விடலாம். மாமியோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. மாமி அந்த இரண்டு வருடமும் சனிக்கிழமை தவறாமல் மாடு பார்க்கப் போனார்.