வளைவில் ஊற்றிய தண்ணீர்

சைக்கிள் மிதித்துச் சாப்பிடுகிறவள் நான். இத்தனை வருடத்தில் ஒரு பந்தயத்திலும் முதலாவதாக வந்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. முதலாவதாக வருவது என் வேலையே இல்லை. அதற்கென்று எங்கள் டீமில் ஒரு கேப்டன் இருக்கிறாள். அவள் முகத்தில் எதிர்காற்று அடிக்காமல் முன்னால் ஓட்டிக்கொண்டு போவேன். டீம் காரிலிருந்து தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுப்பேன். அவள் சக்கரம் பஞ்சரானால் என் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பேன். கடைசி ஏற்றம் தொடங்கும்போது என் கால்கள் இரண்டும் செத்துப்போயிருக்கும். "இனி நீ போ" என்று சொல்லி ஒதுங்கிவிடுவேன். இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்கிறவள் யாராவது இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம்.

இது என் டீமுக்குத் தெரியும். மற்ற டீம்களுக்கும் தெரியும். திருத்தணியில் இருக்கும் என் அப்பாவுக்கு, எங்கள் வீட்டு வழக்கில் நைனாவுக்குத்தான் தெரியவில்லை.

நைனா வீட்டுக் கீழ்ப்பகுதியில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தோடு போட்டி போட்டே பேசிப் பழகிய குரல். போனில் பேசினால் பக்கத்து அறைக்காரருக்கும் கேட்கும். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் ஒரே கேள்விதான் வரும்.

"எத்தினாவதா வந்தே?"

"அறுபத்தி நாலு, நைனா."

"ஆங்." பிறகு, "சாப்ட்டியா?" என்பார்.

கேப்டன் ஜெயித்தாள் என்று சொல்லிப் பார்த்தேன். காற்று, முன்னால் ஓட்டுவது, பின்னால் ஓட்டுவது எல்லாவற்றையும் விளக்கிப் பார்த்தேன். "அவ ஜெயிக்கறதுக்கு நீ ஏம்மா மூச்சு வாங்கறே?" என்று கேட்டார். ஒருநாள் மனசு விட்டுச் சொன்னார். "ஒரே ஒரு வாட்டி நீ ஃபர்ஸ்ட்ல வர்றத கண்ணால பாத்துட்டா போதும். அப்பறம் நீ கடைசியில வந்தாகூட நான் கேக்கமாட்டேன்." அவர் அப்படிச் சொன்னது எனக்கு உள்ளுக்குள் வலித்தது. ஆனாலும் என் வேலையை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

போன வருடம் ஐந்து நாள் பந்தயம் ஒன்று எங்கள் பக்கமாக வந்தது. தினம் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஓட்ட வேண்டும். ஐந்து நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து யாருக்குக் குறைவோ அவர்தான் ஜெயித்தவர். அன்றன்றைக்கு முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் பனியன். மூன்றாம் நாள் வழியைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வேலூரில் கிளம்பி, சோளிங்கர், கே.ஜி.கண்டிகை, திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி.

சைக்கிள் பந்தயத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்த விதியிலும் எழுதியிருக்காது, ஆனால் உலகம் பூராவும் இருக்கிறது. ஓட்டுகிறவர்களில் ஒருவருடைய சொந்த ஊர் வழியாகப் பந்தயம் போனால், அவர் மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டு கொஞ்சம் முன்னால் போகலாம். ஊர் எல்லையில் வீட்டுக்காரர்களைப் பார்த்து ஒரு நிமிடம் பேசலாம். கூட்டம் வந்ததும் அதில் சேர்ந்துகொள்ள வேண்டும். அந்த இடைவெளியைப் பயன்படுத்தி ஓடிப்போய் ஜெயிக்கப் பார்க்கக் கூடாது. அப்படிச் செய்தவளுக்கு அப்புறம் யாரும் தங்கள் முதுகுக்குப் பின்னால் இடம் தர மாட்டார்கள். காற்றில் தனியாகத்தான் சாக வேண்டும்.

என் திட்டம் இதுதான். அந்த ஒரு நிமிடத்துக்கு நான்தான் முதலில் வருவேன். நைனா அதைக் கண்ணால் பார்ப்பார். அது நிஜமான முதலிடம் இல்லை என்று அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள்? நான் சொல்லப் போவதில்லை.

என் அக்காவின் கணவர், எங்கள் பாவா, சோளிங்கர் ரோடு ஊருக்குள் நுழையும் இடத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறார். அவருக்கு முதல்நாளே போன் செய்தேன். "நைனாவை உங்க கடை வாசல்ல நிக்க வைங்க பாவா. நான் ஃபர்ஸ்ட்ல வருவேன்" என்றேன்.

"மாலைக்குச் சொல்லிட்டேன். பேனருக்கும் குடுத்துட்டேன்" என்றார் பாவா. "உங்க நைனாவும் தனியா ஏதோ ஏற்பாடு பண்ணிகினு கீறாரு. இன்னான்னு கேட்டா சிரிக்கறாரு. எனக்கே சொல்லமாட்டேங்கறாரு."

அவர் சிரித்தார் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மஞ்சள் பனியன் எங்கள் கேப்டன் மேல்தான் இருந்தது. அடுத்தவளுக்கும் அவளுக்கும் சில விநாடிதான் வித்தியாசம். அந்த விநாடிகளைத் திருப்பதிவரை காப்பாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. பங்குனி வெயில் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. சோளிங்கர் தாண்டியதும் மற்ற டீம்களில் வயதில் மூத்தவர்கள் இருவரிடம் போய், எங்கள் ஊர் வருகிறது என்றேன். ஒருத்தி தலையசைத்தாள். இன்னொருத்தி, கசகஸ்தான்காரி, கையால் விசிறிப் போ போ என்றாள். காதிலிருந்த ரேடியோவில் எங்கள் மேனேஜர், "ஒரு நிமிஷம்தான். உடனே திரும்பி வேலைக்கு வா" என்றார்.

கே.ஜி.கண்டிகை டீக்கடைகளைத் தாண்டும்போது நான் தனியாக இருந்தேன். நிறுத்தி வைத்த பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கி நின்றிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு உற்சாகப்படுத்தத் தெரிந்த சத்தம் ஒன்றுதான். "அரோகரா" என்று கத்தினார்கள். மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவளுக்குக் கத்துவது போலவே எனக்கும் கத்தினார்கள். பிற்பாடு கசகஸ்தான்காரி அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். இன்னும் வேகமாகப் போ என்று அர்த்தம் சொல்லி வைத்தேன்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு இறக்கம். இறக்கத்தின் முடிவில் இடது பக்கம் வளைவு. வளைவைத் தாண்டினால் பாவாவின் கடை. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எனக்குத் தெரிந்த வளைவுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, சிரிப்பை எல்லாம் தயார் பண்ணிக்கொண்டு இறங்கினேன். அப்போதுதான் ரோடு பளபளத்தது.

தண்ணீர். வளைவு முழுக்கத் தண்ணீர். அதில் மஞ்சளும் வேப்பிலையும் ரோஜா இதழும் மிதந்தன. என் பின்சக்கரம் ஒரு முழம் பக்கவாட்டில் இழுத்தது. எப்படிச் சமாளித்து நின்றேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஓரத்தில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். சந்தில் ஒரு டிராக்டர் டேங்கர். அதிலிருந்து வந்த ஹோஸைக் கையில் பிடித்து, ரோட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் என் நைனா. புதுச் சட்டை, புது வேட்டி. பந்தயத்துக்கு முன்னால் வரும் பைலட் வண்டி போகும்வரை காத்திருந்து திறந்துவிட்டிருக்கிறார், நான் வருவதற்குள் காய்ந்துவிடக் கூடாது என்று.

எனக்கு உடனே புரிந்தது. ஆடிக் கிருத்திகைக்கு வெயிலில் நடந்து வருகிறவர்களின் காலில் எங்கள் ஊரில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ரோடு சுடக் கூடாது என்பதற்காக. பொண்ணு வெயிலில் வருகிறாள் என்று அதையே எனக்குச் செய்திருக்கிறார். ஆனால் எங்கள் டயர் ரோட்டைத் தொடும் இடம் ஒரு கட்டைவிரல் அகலம்தான். மஞ்சள் கரைத்த ஈர வளைவில், இறக்கத்து வேகத்தில், நூறு பேர் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒருத்தி விழுவாள். அவள் மேல் இருபது பேர் விழுவார்கள். கேப்டன் எப்போதும் முன்வரிசையில் வருகிறவள்.

ரேடியோவில் சொன்னேன். மேனேஜர் அதை அதிகாரிகளுக்குச் சொல்லி, அவர்கள் மற்ற டீம்களுக்குச் சொல்வதற்குள் கூட்டம் இறங்கிவிடும். சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன்.

நைனா ஹோஸோடு ஓடிவந்தார். "ஏம்மா எறங்கிட்டே? நீதாம்மா ஃபர்ஸ்ட்டு. போ, போ, வந்துகினு கீறாங்க."

"நைனா, தண்ணிய நிறுத்து. எல்லாரும் வுழுந்துடுவாங்க."

"வுழட்டும், நீ போ."

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தேன். அவர் ஆசைப்பட்ட ஒரே ஒரு விஷயம் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது, அதை நானே என் கையால் கெடுக்க வேண்டியிருந்தது. "மஞ்சா பனியன் போட்டுகினு ஒரு பொண்ணு வரும்" என்றேன். "அது வுழுந்தா என் வேலை போச்சு. அது வுழாம பாத்துக்கறதுதான் என் வேலை. எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்."

என் முகத்தையே பார்த்தார். பிறகு ஹோஸைக் கீழே போட்டு, டிராக்டர்காரரைப் பார்த்து மூடச் சொன்னார். தோளில் இருந்த சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு இறக்கத்தில் மேலே ஓடினார். இந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நடு ரோட்டில் நின்று துண்டை வீசி, "மெல்ல, மெல்ல வாங்க" என்று தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை கத்தினார். கூட்டத்தில் அந்த இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் அன்றைக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்கு பாஷை தேவைப்படவில்லை. நூறு பிரேக்கும் ஒன்றாகக் கிறீச்சிட்டன.

வளைவில், சுவர் ஓரமாக ஒரு கை அகலத்துக்கு மட்டும் ரோடு காய்ந்திருந்தது. நான் அங்கே நின்று, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினேன். ஒருத்தர் பின் ஒருத்தராகப் போனார்கள். ஒருத்திக்குச் சக்கரம் வழுக்கியது, காலை ஊன்றித் தப்பித்தாள். மஞ்சள் பனியனோடு கேப்டனும் நான் கை காட்டிய பக்கமே போனாள். எல்லோரும் வளைவைத் தாண்டினார்கள். யாரும் விழவில்லை. பாவா கடை வாசலில் ஊரே நின்று, முதலில் வரப்போகிற என்னைத் தேடிக்கொண்டிருந்தது.

கடைசி ஆளும் போன பிறகு சைக்கிளில் ஏறினேன். நின்ற இடத்திலிருந்து பெரிய கியரில் கிளம்பக் கால் மறுத்தது. அப்போது முதுகில் ஒரு கை. நைனா என்னைத் தள்ளிக்கொண்டே ஓடினார். ஈர வேட்டி காலில் சுற்ற, மூச்சு வாங்க, பாவா கடை தாண்டும்வரை ஓடினார். ஊர் முழுக்கப் பார்க்க நான் கடைசியாகப் போனேன். பாவா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றார்.

நகரிக்கு முன்னால் கூட்டத்தைப் பிடித்துவிட்டேன். புத்தூர்வரை கேப்டனுக்கு முன்னால் எதிர்காற்றை என் மேல் வாங்கிக்கொண்டேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை, ஒதுங்கினேன். மஞ்சள் பனியன் அன்றும் அவள் மேலேயே இருந்தது, ஐந்தாம் நாளும் அவளிடமே இருந்தது. எனக்குப் பத்து விநாடி தண்டனை போட்டார்கள். பார்வையாளர் ஒருவர் தள்ளிவிட்டார் என்பது காரணம். தண்டனை சரிதான். என் நைனாவைப் பார்வையாளர் என்று சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் போன் செய்தபோது எத்தனாவது என்று கேட்கவில்லை. "அந்த மஞ்சா பனியன் பொண்ணு?" என்றார். பனியன் இன்னும் அவள் மேல்தான் இருக்கிறது என்றேன். "நான்தான் கெடுத்துட்டேன், இல்ல?" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"கெட்டிருக்கும். நீ துண்டு வீசினே, கெடல" என்றேன். நிஜமும் அதுதான்.

இந்த வருடமும் அதே பந்தயம், அதே வழி. நான் யாரிடமும் முன்னால் போகக் கேட்கவில்லை. மஞ்சள் பனியன் எங்களுடையது, கூட்டத்துக்கே முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவள் நான், எனக்குப் பின்னால் கேப்டன். நைனா இந்தத் தடவை நின்று பார்ப்பார், பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டே இறக்கத்தில் இறங்கினேன். அரோகரா சத்தம் கேட்டது. வளைவு சருகு மாதிரிக் காய்ந்திருந்தது. ஓரத்தில் போன வருடம் போலவே பெண்கள் குடங்களோடு. அவர்களைப் பார்த்தபடி, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிவப்புத் துண்டை இரண்டு கையிலும் அகல விரித்துப் பிடித்து ஒருவர் நின்றிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் ரோட்டில் விழவிடவில்லை. நாங்கள் நூறு பேரும் முழு வேகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் போனோம். அவர் திரும்பவே இல்லை.

சாயங்காலம் போனில் கேட்டேன். "நைனா, இன்னிக்கி நம்ம வளைவுல நான்தான் ஃபர்ஸ்ட்டு. பாத்தியா?"

"எங்கம்மா பாக்கறது?" என்றார், பக்கத்து அறைக்கும் கேட்கிற குரலில். "எனக்கு அங்க வேல இருந்திச்சி."