கங்காவின் முகம்

எங்கள் சுக்குக் கிடங்கின் மாடியை ஒரு வெள்ளைக்காரப் பெண் வாடகைக்குக் கேட்டு வந்தது எழுபத்து மூன்றாம் வருஷம். என் கணவர் மஜீத் முதலில் தயங்கினார். கீழே மூட்டை தூக்கும் ஆட்கள் நடமாடுகிற இடம், தனியாக ஒரு பெண் எப்படி இருப்பாள் என்றார். நான்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். வந்தவர் பெயர் யோஹன்னா. ஹாலந்தில் ராட்டர்டாம் என்ற துறைமுக ஊர். ஐம்பதை நெருங்கும் வயது. எறணாகுளத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற எங்கள் மட்டாஞ்சேரியில் எல்லோருக்கும் அவர் மதாம்மாதான்.

நான் சொல்ல வந்தது பேச்சியைப் பற்றி. அந்தக் கிடங்கின் முற்றத்தில் சுக்கு காயவைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தவள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி அங்கேயே மூட்டை தூக்கினான். அவர்களுக்கு ஒரே மகள், கங்கா. பேச்சி வேலையில் குனிந்த உடனே பிள்ளை மரப்படியேறி மாடிக்குப் போய்விடும். மதாம்மா விரட்டியதில்லை.

மதாம்மாவின் படங்களில் மனுசர் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. நிறம் மட்டும்தான். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைப் பூசுவார், கத்தியால் சுரண்டுவார், மறுபடி பூசுவார். ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். அவர் ஊரில் அவற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், வாங்கியும் இருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியாது. கங்காவுக்குப் புரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் வைத்தாள். ஒரு சிவப்புப் படத்துக்கு "அம்மா கோவமா இருக்கா" என்று பெயர். அதைக் கேட்டு மதாம்மா சிரித்த சிரிப்பு முற்றம்வரை கேட்டது.

சின்ன வயதில் மதாம்மா முகங்கள்தான் வரைந்தாராம். யுத்தத்தில் அவர் ஊர் மேல் குண்டு விழுந்தபோது அம்மாவும் தம்பியும் வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். பிறகு அவர்களை வரைய உட்கார்ந்தால் கை வரவில்லை. அத்தோடு மனுச முகத்தையே விட்டுவிட்டார். என் வீட்டில் சாயா குடித்துக்கொண்டே, யாருக்கோ நடந்த சங்கதியைப்போல இதை ஒருநாள் சொன்னார்.

எழுபத்தேழாம் வருஷ மழையில் கங்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தார்கள். பிள்ளைக்கு வெட்டு வந்து கைகால் இழுத்ததும் போட்டில் எறணாகுளத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மதாம்மாவும் கூடப் போனார். போட்டில் பிள்ளையின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் செய்து வந்த பிறகுதான் பேச்சிக்கு உறைத்தது, பிள்ளையின் போட்டோ ஒன்றுகூட இல்லை. தீபாவளிக்குப் புதுக் கவுன் போட்டு எறணாகுளம் பிராட்வேயில் ஒரு ஸ்டூடியோவில் எடுக்கலாம் என்று வருஷா வருஷம் சொல்வார்கள். வருஷா வருஷம் ஏதாவது வந்து தட்டிப்போகும்.

அடுத்த மாதம் பேச்சி மாடியேறினாள். நானும் கூடப் போனேன்.

"மதாம்மா, எம்புள்ளைய ஒரு தடவ வரைஞ்சு தாங்க. நீங்க அவள நெதம் பாத்தவுக."

மதாம்மா கையிலிருந்த கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில், "எனக்கு முகம் வராது பேச்சி" என்றார்.

பேச்சி அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "வரும். நான் சொல்லித் தாரேன்."

மதாம்மா ஒத்துக்கொண்டார். மீதி மழைக்காலம் முழுக்க அது நடந்தது. வேலை முடிந்ததும் பேச்சி மேலே போவாள். இடது புருவத்தில் தழும்பு, முன்பல் இரண்டும் விழுந்த இடம், காது மடல் கொஞ்சம் வெளியே நீண்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். மதாம்மா வரைவார், அழிப்பார். சில நாள் கதவைத் திறக்கவே மாட்டார். சாப்பாடு கொண்டுபோனால் வாசலிலேயே ஆறிக் கிடக்கும். பேச்சி மட்டும் ஒருநாளும் தவறவில்லை; கதவு மூடியிருந்தால் படியில் உட்கார்ந்திருப்பாள். திறந்த நாளெல்லாம் வரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஓணம் கழிந்து படம் முடிந்தது. தழும்பு இருந்தது, பல் விழுந்த சிரிப்பு இருந்தது. சொன்னது எல்லாம் சொன்ன இடத்தில் இருந்தது. பேச்சி பக்கத்தில் போய்ப் பார்த்தாள், பின்னால் வந்து பார்த்தாள்.

"இது வேற யாரோ புள்ள" என்றாள்.

மதாம்மா தலையாட்டினார். "ஆமா. எனக்கும் தெரியுது."

அதோடு போயிருந்தால் தேவலை. இரண்டு வாரம் கழித்து பேச்சி என் வீட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கண்ணை மூடினால் அந்தப் படத்துப் பிள்ளைதான் வருகிறது என்றாள். கங்காவைக் குளிப்பாட்டியதை நினைத்தால் அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள். சோறூட்டியதை நினைத்தால் அது வாயைத் திறக்கிறது. சொந்த மகளின் முகம் அதற்கு அடியில் போய்விட்டது.

"அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல? எப்பிடி இருப்பான்னு சொல்லுங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது, பெரிய கண், சுருட்டை முடி, மாநிறம் என்றுதான் வந்தது. தெருவில் எந்தப் பிள்ளைக்கும் அது பொருந்தும். பேச்சி கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மதாம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கே படத்தைச் சட்டத்திலிருந்து கிழித்து, முற்றத்தில் வைத்து எரித்தார். பேச்சியும் பக்கத்தில் நின்றாள். எரிந்து முடிந்ததும் மதாம்மா அவள் கையைப் பிடித்து, "கங்கா முகம் என்கிட்ட இருக்கு, பேச்சி. நல்லா இருக்கு. கைக்குத்தான் வரல" என்றார். பேச்சி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. படம் போனதே தவிர அந்தப் பிள்ளை போகவில்லை. கண்ணை மூடினால் அதுதான் வந்தது.

அதற்குப் பிறகும் மதாம்மா இங்கேயே இருந்தார். வரைவது குறைந்துபோனது. பூசுவார், சுரண்டுவார், அப்படியே விட்டுவிடுவார். சாயங்காலத்தில் அவரும் பேச்சியும் படியில் உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் பேச்சி, "இப்ப அவ என்ன செய்யுதா?" என்று கேட்பாளாம். மதாம்மா கண்ணை மூடி, சிரிக்கிறாள் என்றோ தூங்குகிறாள் என்றோ சொல்வாராம். பேச்சிக்கு அது போதும்.

இந்த ஊர் ஈரம் மதாம்மாவின் நெஞ்சைக் கெடுத்துவிட்டது. எண்பத்து மூன்றில் ஊருக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து, இறந்துவிட்டார் என்று அவர் அக்காவிடமிருந்து மஜீத்துக்குத் தந்தி வந்தது. நான் போய்ச் சொன்னபோது பேச்சி முறத்தைக் கீழே வைத்தாள். கங்கா போனபோதுகூட அவள் அப்படிக் கத்தி அழுது நான் பார்த்ததில்லை.

"எம்புள்ள மொகம் அவுககிட்டத்தான் இருந்துச்சு அக்கா. அதும் போயிருச்சே."

அவளுக்கு எழுபத்தொன்பதில் இன்னொரு பெண் பிறந்திருந்தது. மாமியார் பெயரைத்தான் வைத்தார்கள், மாடத்தி. எண்பத்தைந்து கடைசியில் அவளுக்கும் முன்பல் விழுந்தது. பஜாரில் பழைய ஆட்கள் பார்க்கும்போதெல்லாம், அப்படியே அக்கா கங்காவை உரிச்சு வச்சிருக்கா என்றார்கள். மலையாளத்துக்காரர்களும் அதையே சொன்னார்கள். நானும் சொன்னேன். உண்மைதான்.

அப்படிச் சொன்னவர்களைப் பேச்சி லேசில் விடமாட்டாள். "எது? கண்ணா, மூக்கா?" என்று கேட்பாள். பெற்ற தாய் இதைக் கேட்கிறாளே என்று அவர்கள் விழிப்பார்கள். கண்ணுதான் என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால், மகளை இழுத்து முன்னால் நிறுத்தி, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. விளையாடப் போகவேண்டும் என்று கையை உதறும்.