வாட வேண்டிய இலை

என் தம்பி கோலப்பனுக்குச் சாலைக் கடைத்தெருவில் பதினான்கு வருடம் வெற்றிலைக் கடை. கட்டுக்குள் எந்த இலை அழுகத் தொடங்கியிருக்கிறது என்று பார்க்காமல் தொட்டே சொல்லிவிடுவான். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. சாலைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

1949 கடைசியில் கட்டிடத்தின் சொந்தக்காரர் கடையை இடித்து மச்சு கட்டினார். மூன்று மாதம் அலைந்தும் வேறு இடம் கிடைக்கவில்லை. வீட்டில் மனைவி பிச்சம்மாளும் இரண்டு பெண் குழந்தைகளும். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மிகும் காலத்தில் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டான். 1950 சித்திரை மூன்றாம் தேதி, காலை ஏழரை பஸ்ஸில் மலையடிவாரத்து விதுரைக்குப் போனான். அங்கிருந்து தோட்டத்து லாரி. பதினைந்து நாள் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் மூன்று மாதமும் வைத்துக்கொள்வார்கள்.

தொழிலாளர் தங்கும் லயத்தில் ஓர் அறைக்கு ஆறு பேர். குளிரில் உறக்கம் இல்லை. அட்டை கடித்துக் கால் வீங்கியது. தொழிற்சாலை மாடியில் நீளமாகக் கட்டிய சாக்குத் தட்டுகளில் பச்சை இலையைப் பரப்புவது வேலை. அது காற்றில் வாடித் துவண்ட பிறகுதான் இயந்திரத்தில் போட்டு உருட்டலாம்.

ஒன்பதாம் நாள் காலை, ஜன்னலோரத்தில் இலை துவள்வது அவன் கண்ணில் பட்டது. தரை கழுவ வைத்திருந்த வாளியில் கையை விட்டுத் தண்ணீர் தெளித்தான். இரண்டு தட்டுக்குத் தெளித்து முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது.

மேற்பார்வையாளர் யோசுவா நெய்யாற்றின்கரைக்காரர். வந்து பார்த்தார்.

"எடோ, இது வெத்திலையோ? வாடாம இருக்க வெள்ளம் தெளிக்கியோ?"

"நாலு பாக்கும் வச்சு மடிச்சுக் குடும் வே" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் லாரியில் இறங்கிப் போகும்படி யோசுவா சொல்லிவிட்டார்.

இறங்கி வந்தால் வேறு பிழைப்பு இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"கை தன்னால போயிட்டு சார். சாயங்காலம் வரை டைம் தாங்க. நனைஞ்சத ஒண்ணு விடாம பிரிச்சுத் தாறேன்."

அன்று அவன் சாப்பிடவில்லை. பிடி பிடியாக அள்ளி, விரலால் தடவி, நனைந்ததைத் தனியே பரப்பினான். நான்கு மணிக்கு யோசுவா வந்து நனையாத இலையில் நாலு இடத்தில் கை விட்டார். எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், ஈரம் தட்டவில்லை.

"போகண்டா, இங்கயே இரு. ஜன்னல் பக்கம் இலை வாடின பதம் பாக்க இனி நீ நில்லு. வாளியத் தொடண்டா."

ஊருக்கு வந்து அவன் இதைச் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. உனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று கேட்டேன்.

"சந்தோஷமா? அங்கேயே உக்காந்துட்டேன் எக்கா. இன்னும் எம்பது நாள் பாக்கி கிடக்கேன்னு இருந்துது."

எண்பது நாளும் நின்றான். இந்தச் சித்திரையோடு ஏழு தடவை போயாயிற்று. ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்ததும் மூன்று நாள் தூங்குவான். அந்த மூன்று நாளும் பிச்சம்மாள் பிள்ளைகளை என் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.