ரிக் சத்தத்தில் ஒரு கேசட்

என் அண்ணனுக்குக் காது போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பாட்டுக் கிறுக்குப் பிடித்தது. காது நன்றாக இருந்தவரை அவன் ஒரு விசில்கூட அடித்ததில்லை. நேரில் அவனை 'வாங்க போங்க' என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் 'அவன்' என்று வந்துவிடுகிறது, இருக்கட்டும்.

எங்களுடையது திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வைத்திருந்த குடும்பம். நிலத்தைத் துளைத்துப் போர் போடும் லாரி அது. அப்பாவுக்கு அதில் பங்கு. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு அண்ணன் அந்த வண்டியில் ஏறினான். மழை முடிந்ததும் மகாராஷ்டிரா, ஆந்திரா என்று போய்விட்டு, அடுத்த மழைக்குத்தான் வீடு திரும்புவான். எப்போதும் காதைப் பிளக்கிற கம்ப்ரசர் பக்கத்திலேயே அவனுக்கு வேலை. எண்பதுகளின் கடைசியில் ஒரு முறை திரும்பி வந்தபோது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டாள். அப்பாவோ, "வேலைக்கு வணங்காத ஒடம்பு. காது கேக்கலீங்கறது ஒரு சாக்கு" என்றார்.

சேலத்து டாக்டரிடம் நானும் கூடப் போயிருந்தேன். மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது, இனியும் அந்த மெஷின் பக்கத்தில் நின்றால் மிச்சமும் போய்விடும் என்று அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தேன். "ரிக்குல இருக்கறவன் எவனுக்குக் காது மந்தமில்ல? அவனவன் பொழைக்கல?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் பெண்பிள்ளையின் ஆத்திரம் பாத்திரம் தேய்க்கும்போதுதான் வெளியே தெரியும்.

அந்த முறை அண்ணன் ஒரு கேசட் கொண்டுவந்திருந்தான். பம்பாய் ரோட்டில் வண்டி பழுது பார்த்த பட்டறையில் கிடைத்தது. அங்கே மெக்கானிக்கின் தம்பி கப்பலில் வேலை செய்பவன், அவன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாம். போட்டுக் காட்டினான். பாட்டென்று எதுவும் இல்லை. தாளம் ஒன்று திரும்பத் திரும்ப விழ, அதன் மேல் ஒருவன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனான். "யாரு கூடங்ணா சண்டை போடறான்?" என்று கேட்டேன்.

"சண்டையில்ல அம்மிணி. பேசறான். தாளத்துக்குள்ள பேசறான்." சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சொன்னான்: "சுருதியெல்லாம் எனக்கு இனி ஆவாது. தாளம் காதுல உளுகறதில்ல, நெஞ்சுல உளுகுது. அது போவாதல்ல?"

நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

இதே மாதிரி தமிழில் ஒரு கேசட் போட வேண்டும், அது எடுபட்டால் ரிக்கை விட்டுவிடலாம். இதுதான் அவன் கணக்கு. அப்பாவிடம் அவன் வாய் திறந்து கேட்டது எனக்குத் தெரிந்து அது ஒன்றைத்தான். அப்பா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "ஆயுத பூசை முடிஞ்சா வண்டி வடக்க கெளம்புது. அதுக்குள்ள ஊரு நின்னு கேட்டா இருந்துக்க. கேக்கலீன்னா வாயை மூடிட்டு வண்டியேறு" என்றார். அண்ணனின் மிச்சக் காது அந்தப் பேச்சில் தொங்கிக்கொண்டு நின்றது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவன் கூட்டாளி ஒருவர் கேசட் கடை வைத்திருந்தார். விருப்பப்பட்ட பாட்டுகளைக் காலிக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் கடை. இரண்டு கேசட் போடுகிற பெரிய மெஷின் ஒன்று அங்கே இருந்தது. மதியம் கடை காற்றாடும் நேரத்தில் பின்னறையில் கோணிப்பைகளைச் சுவரில் தொங்கவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். தையல் கிளாசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நானும் போய்விடுவேன்.

தாளத்துக்குத் தவில் வேண்டாம், தபேலா வேண்டாம் என்றுவிட்டான். ரிக் ஓடுகிற சத்தம்தான் தாளம். அதற்காகவே வீட்டு டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு, சுற்றுவட்டத்தில் போர் போட்ட இரண்டு காடுகளுக்குப் போய்ப் பதிந்து வந்திருந்தான். வெள்ளாமை நிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம். கேசட்டின் ஒரு பக்கத்தில் மேச்சேரிக் காடு, மறுபக்கத்தில் ஜேடர்பாளையத்துக் காடு. மேச்சேரியில் தண்ணீர் இல்லை. போர் பொய்த்துப்போனால் எங்கள் பக்கம் 'பொகை போயிருச்சு' என்பார்கள், தண்ணீர் வர வேண்டிய குழியிலிருந்து கல்தூள் புகையாகக் கிளம்புவதால். ஜேடர்பாளையத்தில் தண்ணீர் பீறிட்டு வந்து காட்டுக்காரக் குடும்பமே நனைந்ததாகச் சொன்னான். தண்ணீர் வந்த அந்தச் சத்தம்தான் தன் கேசட் முழுக்க அடியில் ஓட வேண்டும் என்பது அவன் பிடிவாதம். கேட்கிறவனுக்குத் தொண்டை நனைய வேண்டுமாம்.

கேசட்டில் எந்தப் பக்கம் எது என்று அவன் குறித்து வைக்கவில்லை. தன் சத்தம் தனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. இரண்டு பக்கத்தையும் போட்டு, கண்ணை மூடி, மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்டான். "இதான் தண்ணி வந்தது" என்றான். எனக்கு இரண்டும் வேறு வேறாகத்தான் கேட்டன. ஆனால் எது தண்ணீர் என்று நான் எப்படிச் சொல்வேன்? ரிக் வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் போர் போடும் இடத்துக்குப் போகக் கூடாது, போனால் ஊற்று ஒளிந்துகொள்ளும் என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பிறந்ததிலிருந்து ரிக் சோறு தின்றவள், ரிக் ஓடி நான் பார்த்ததில்லை.

அதில் ஒரு துண்டுச் சத்தத்தை எடுத்து, ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பத் திரும்பப் பதிந்து ஒட்ட வேண்டும். சரியான இடத்தில் பொத்தானை அமுக்கி நிறுத்தாவிட்டால் தாளம் நொண்டும். அண்ணன் என் தோளில் விரலால் தட்டுவான், நான் பொத்தானை அமுக்குவேன். பாதியில் கரண்டு போகும், மறுபடி முதலிலிருந்து. எத்தனை மதியங்கள் போயின என்று கணக்கில்லை. என் கட்டைவிரல் காய்த்துப்போனது. கூட்டாளி, "தாலி கட்டறவன் வந்து கையப் பாத்தா ஓடிப்போயிருவான்" என்று கேலி பண்ணுவார்.

அதன் மேல் அண்ணன் பேசினான்.

கல்லுக்குள்ள எறங்குது கம்பி,
காட்டுக்காரன் நிக்கறான் நம்பி,
வந்தாத் தண்ணி தலைக்கு மேல,
வரலீன்னா வண்டி கெளம்பி.

வீட்டில் அரை வார்த்தை பேசாதவன், அந்தக் கோணிப்பைகளுக்கு நடுவே கழுத்து நரம்பு புடைக்க, ஓர் ஊருக்கே பேச வேண்டியதை ஒரே மூச்சில் பேசினான். ரிக்கில் விரல் போனவனைப் பற்றிப் பேசினான். பாஷை தெரியாத ஊரில் காய்ச்சலில் கிடந்ததைப் பற்றிப் பேசினான். மகனிடம் பேசாத அப்பாவைப் பற்றியும் ஒன்று இருந்தது. எனக்குப் பயமாகவும் பெருமையாகவும் இருந்தது. கேசட்டுக்கு 'ஈரமண்' என்று பெயர் வைத்து, நீலத் தாளில் அட்டை அடித்தோம்.

லாரி நிறுத்தும் செட்டுகளுக்கும் டீக்கடைகளுக்கும் கூட்டாளி கொடுத்தனுப்பினார். "யாருங்க இது, ஏலம் உடறானா?" என்று டிரைவர்கள் சிரித்தார்கள். ஒருவர், பேயோட்டுகிற மந்திரமா என்று கேட்டாராம். ஆனால் தறிப்பட்டறைப் பையன்கள் சிலர் திரும்ப வந்து இன்னொன்று கேட்டார்கள். அண்ணன் டீக்கடைக்கு எதிரே நின்று பார்ப்பான். அத்தனை தூரத்திலிருந்து அவனுக்குப் பாட்டு கேட்காது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் கால்களைப் பார்ப்பான். யாராவது காலாட்டினால் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்காது. இப்படியா ஒரு மனுசன் நம்பிக்கையைப் பொறுக்கித் தின்பான்?

ஆயுத பூசையன்று எங்கள் செட்டில் வண்டியைக் கழுவி, வாழை கட்டி, பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். பூசைக்குப் பெண்கள் போகலாம், அதில் தடையில்லை. ரிக் ஆட்கள், புரோக்கர்கள், போர் போடச் சொல்ல வந்த காட்டுக்காரர்கள் என்று நல்ல கூட்டம். மைக் செட்காரரிடம் கூட்டாளி கேசட்டைக் கொடுத்தார். சாமிப் பாட்டு நின்றது. ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து என் அண்ணன் குரல் வந்தது.

முதலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரிக் ஆட்கள், "நம்ம சின்னவருங்க" என்று சிரித்துக்கொண்டே தலையாட்ட ஆரம்பித்தார்கள். ஒருவன் வண்டியின் இரும்பில் தட்டித் தாளம் போட்டான். அப்பாகூட ஊதுபத்தியோடு அப்படியே நின்றார். ஊர் நின்று கேட்டது.

மேச்சேரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மெல்ல எழுந்தார். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி அப்பாவிடம் சொன்னார்: "ஏனுங்க, இது பொகை போன போரு சத்தமுங்க. பூசைல இதைப் போடாதீங்க. எங்காட்டுல இந்தச் சத்தத்தக் கேட்டுக் கேட்டு எம்பொண்டாட்டி படுத்த படுக்கையா இருக்கறா."

தாளம் தட்டியவன் கையை எடுத்துக்கொண்டான். மற்றவர்களும் காது கொடுத்தார்கள். வருசக்கணக்கில் சரியான மழையில்லாமல், குழியோரம் நின்று இந்தச் சத்தத்தையே கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். ஒவ்வொருவர் முகமாகச் செத்தது. ஒருவர், "ஆமாங்க, வறட்டுக் கல்லுங்க" என்றார்.

அண்ணன் அவர்கள் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு முன்னால் வந்தான். "இல்லீங்க, இது தண்ணி வந்த போருங்க. ஜேடர்பாளையத்துல வந்ததுங்க. நல்லாக் கேளுங்க, அடியில சலசலன்னு தண்ணி கேக்குதல்லங்க?"

குழாயில் கல் அரைபடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தான். தண்ணீரின் சலசலப்பு மெல்லிய சத்தம். அது அவன் காதை விட்டு எப்போதோ போய்விட்டிருந்தது. ரிக் சத்தத்துக்கு அடியில் அவன் கேட்டதாக நினைத்த தண்ணீர், கண்ணால் பார்த்த தண்ணீரின் ஞாபகம்தான். தெரிந்தவனுக்குக் காது இல்லை. காது இருந்த என்னை ஒரு போர் போட்ட காட்டுக்குள்ளும் விடவில்லை. அந்த வழக்கத்தை ஏற்படுத்தினவன் யாரோ, அவனை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனக்கும் தண்ணீர் கேட்கவில்லை என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

மைக் செட்காரர் கேசட்டை எடுத்துவிட்டுச் சாமிப் பாட்டைப் போட்டார். காட்டுக்காரர்கள் சிலர் போருக்குச் சொல்லாமலே போய்விட்டார்கள். அதற்கு அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொல்லி நம்பாதவர் அப்போதுதான் நம்பினார். ரிக்கில் வளர்ந்த மகனுக்குத் தண்ணீர்ச் சத்தம் தெரியவில்லை என்பதற்கு மேல் அவருக்கு என்ன சாட்சி வேண்டும்?

டீக்கடைகள் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தன. கூட்டாளி வருத்தப்பட்டுக்கொண்டே அவற்றின் மேல் வேறு பாட்டுகளைப் பதிந்தார். அண்ணன் யாரையும் குறை சொல்லவில்லை. சாப்பிட்டான், தூங்கினான். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வண்டி கிளம்பும் நாள் காலையில் அவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு செட்டுக்கு வந்துவிட்டான். அப்பா வேகமாக நடந்து வந்து அவன் எதிரே நின்றார். முகம் பார்த்து, உதட்டை நிறுத்தி நிறுத்திப் பேசினார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. "நீ போவ வேண்டாம் சாமி. ஊட்டுலயே இரு."

அண்ணன் சுருட்டிய படுக்கையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"இன்னங் கொஞ்சம் காது மிச்சமிருக்குதல்ல? அதையாச்சும் காப்பாத்திக்க."

"அந்த மிச்சத்த வெச்சுத்தானுங்கப்பா அந்தக் கேசட்டப் போட்டேன்" என்றான் அண்ணன்.

அப்பா அவன் கையைப் பிடித்தார். அவன் மரியாதையாக விடுவித்துக்கொண்டான். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவன் பின்னால் போய், கம்ப்ரசரை ஒட்டிப் படுக்கையைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.