விண்வெளியில் ஒரு சுழியோடி

கலம் தரையை விட்டுக் கிளம்பியதும் யோசேப் அதைப் பாதி உயரத்தில் நிறுத்திவிடுவார். கீழே ஊதா நிறப் புல்வெளி, மேலே நட்சத்திரக் கூட்டம். நடுவே கலம் சும்மா நிற்கும். அவர் மடிக்கணினிக்குப் பக்கத்திலிருக்கும் தேத்தண்ணியை எடுத்து ஆறுதலாகக் குடிப்பார். பிறகு இன்னும் கொஞ்சம் ஏற்றி, மறுபடி நிறுத்துவார். விளையாட்டில் அப்படியொரு விதியே இல்லை. ஒரே மூச்சில் போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

“உது என்ன பஸ்ஸோ, ஹோல்ட் ஹோல்டா நிண்டு போறதுக்கு?” என்று அடுப்படியிலிருந்து மனைவி செலீனா கேட்பாள்.

“கெதியா ஏறினா என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியாதோ?” என்பார் இவர்.

தெரியாமல் என்ன! தலைமன்னாரில் கடலட்டை பிடிக்க இறங்கிய சுழியோடிகளில் யோசேப்பைப் போல ஆழம் போனவர்கள் குறைவு. முதுகில் காற்றுச் சிலிண்டருடன் இறங்குகிறவர்கள் ஏறும்போது நின்று நின்றுதான் ஏற வேண்டும். ஒருநாள் அவர் அவசரப்பட்டார். உடம்பில் கரைந்திருந்த காற்று குமிழியாகி நரம்பை அடைத்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அன்றிலிருந்து சில்லுக் கதிரைதான்.

பிரான்சிலிருக்கும் செலீனாவின் தம்பி, தான் பாவித்த மடிக்கணினியை அனுப்பியபோது அத்தானுக்குப் பொழுது போகட்டும் என்று இந்த விளையாட்டையும் ஏற்றி அனுப்பினான். தொடக்கத்தில் யோசேப் எதிரி எங்கே என்று தேடினார். எதிரி என்று சொல்ல ஒருவரும் இல்லை. பந்தயம் இல்லை. கடைசிக் கட்டமும் இல்லை. போய்க்கொண்டே இருந்தால் புதுப்புதுக் கிரகங்கள் வந்துகொண்டே இருக்கும். முதலில் போய்ச் சேருகிறவர் அதற்குப் பெயர் வைக்கலாம். ஆள் சொக்கிப் போனார். உடற்பயிற்சியென்று, இன்றைக்கு இவ்வளவு கையூன்ற வேண்டும், நாளைக்கு இவ்வளவு நிமிர வேண்டும் என்று ஆளுக்காள் அவருக்கு இலக்கு வைத்துக்கொண்டிருந்த காலம் அது.

“இது ஒண்டுதான் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. இதில வெல்லவும் ஏலாது, தோக்கவும் ஏலாது. போய்ப் பாக்கலாம், அவ்வளவுதான்.”

“முடிவில்லாத விளையாட்டை ஆராவது விளையாடுவினமோ?” என்பாள் செலீனா.

“கடலுக்கு முடிவைப் பாத்தோ நான் இறங்கினனான்?”

கடலடிப் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பது அந்தக் கரையின் வழக்கம். தன் கிரகங்களுக்கும் யோசேப் அதே வாலைத்தான் ஒட்டுவார்: உப்புப்பார், நண்டுப்பார், பிசாசுப்பார். மனைவியின் பெயரை வைத்த கிரகத்தில் ஓயாமல் நெருப்பு மழை பெய்யும். அதை அவர் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.

கடல் நிறைந்து நீலமாக ஒரு கிரகம் தெரிந்தால் மட்டும் கலத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். நிஜக் கடலோடும் அப்படித்தான். வாசல் படலையில் நின்றாலே தெரிகிற கரைக்கு நாலு வருடமாக அவர் போனதில்லை. பயம் என்று ஊர் நினைத்தது. பயமில்லை, ஆசை. பார்த்தால் இறங்கச் சொல்லும், இறங்க முடியாது. அந்த வேதனை வேண்டாம் என்றுதான் ஒதுங்கியிருந்தார்.

போன மாதம் சம்மாட்டி சிங்கராசா வந்தார். யோசேப் முன்பு தொழிலுக்குப் போன வள்ளம் அவருடையது.

“இப்ப என்னட்டைச் சுழியோடுற பெடியன் றொஷான் நேற்று விறைச்ச கையோட மேல வந்தான். தப்பினது மாதாவின்ர புண்ணியம். பெடியளுக்குச் சொன்னா மண்டையில ஏறுதில்லை. நீ வள்ளத்தில இருந்து கயித்தைப் பிடிச்சு, அவங்களை நிப்பாட்டி நிப்பாட்டி ஏத்து. நீ சொன்னாக் கேப்பாங்கள். இல்லாட்டி இன்னொருத்தன் உன்னைப்போல கதிரையில இருப்பான்.”

“யோசிச்சுச் சொல்லுறன், அண்ணை.”

அன்று பின்னேரம் யோசேப் கலத்தை நேரே ஒரு நீலக் கிரகத்தில் இறக்கினார். கரையில் வெகுநேரம் நின்றார். பிறகு குதித்தார். விளக்கேற்றினது போல ஒளிரும் செடிகள், கண்ணே இல்லாத மீன்கள், ஒருவரும் பார்த்திராத பாறைகள். செலீனா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பின்னால் நின்றாள். அவர் ஆசை தீரப் பார்த்தார், நின்று நின்று ஏறினார். மேலே வந்ததும் நெஞ்சு கனக்கும் என்று நினைத்திருந்தார். கனக்கவில்லை. சந்தோஷமாகவே இருந்தது. இறங்குவதற்கு இன்னும் எத்தனையோ கடல் கிடக்கிறது, வாசலில் இருக்கிற இந்த ஒன்றில் மட்டும் வள்ளத்தோடு மேலே இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது.

மறுநாள் பதில் கேட்டு சிங்கராசா படலையைத் திறந்தார். அவர் வாயெடுக்க முன்னமே யோசேப் முந்திக்கொண்டார்.

“அண்ணை, இந்தக் கதிரையை வள்ளத்தில எப்பிடி ஏத்துவியள்?”

சிங்கராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் குந்தி, ஒரு சில்லிலிருந்து மறு சில்லுக்குச் சாண் போட்டு அளக்கத் தொடங்கினார். அவர் கைக்கு இடம் விட்டு, யோசேப் இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒடுக்கிக்கொண்டார்.